உழைக்கிறவர் யார், உட்கார்ந்து வாங்குகிறவர் யார்? அமெரிக்க வாக்காளர்கள் ஒருவர்மேல் ஒருவர் குத்தும் முத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் ஊரிலிருந்து இதே கேள்விகள்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் வருகின்றன. இங்கே ஓஹையோவில் இருக்கும் நம்மவர்களும் கேட்கிறார்கள். சிலர் கேள்வியோடு பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் அப்படி என்னதான் நினைக்கிறார்கள்?

குடியரசுக் கட்சிக்காரர் கண்ணில் ஜனநாயகக் கட்சி வாக்காளர் இரண்டு வகை. அரசாங்கக் காசில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஒருவர். உதவாத பட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு காபிக் கடையிலோ அரசு மேஜையிலோ பொழுதைப் போக்குகிறவர் இன்னொருவர். ஜனநாயகக் கட்சிக்காரர் கண்ணிலும் எதிராளி இரண்டு வகைதான்: படிக்காத, எதையும் காதில் போட்டுக்கொள்ளாத நாட்டுப்புறத்தான், இல்லையென்றால் வரி கட்டாமல் தப்பிக்கும் பணக்காரன்.

பியூ ஆய்வு மையம் இதைக் கேட்டே பார்த்திருக்கிறது. மற்ற அமெரிக்கர்களைவிட ஜனநாயகக் கட்சியினர் சோம்பேறிகள் என்று 2016-ல் சொன்ன குடியரசுக் கட்சியினர் 46 சதவீதம். 2022-ல் அது 62 ஆகிவிட்டது. அதே 2022-ல், குடியரசுக் கட்சியினர் மனம் மூடியவர்கள் என்று சொன்ன ஜனநாயகக் கட்சியினர் 83 சதவீதம். ஒரு பக்கத்துக்குப் பெரிய வசவு ‘சோம்பேறி’, மறுபக்கத்துக்கு ‘மரமண்டை’. திட்டுகிற வார்த்தையைக் கேட்டாலே திட்டுகிறவர் எதை உயர்வாக நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இதில் கொஞ்சமாவது உண்மை இருக்குமே?

கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் முத்திரை ஒட்டிக்கொள்கிறது. சிக்கல் அளவில்தான். டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். குடியரசுக் கட்சியினரில் எத்தனை பேர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால் மக்கள் சராசரியாகச் சொன்ன பதில் 38 சதவீதம். உண்மையில் அது 2 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரில் தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் 40 சதவீதத்தை நெருங்குவார்கள் என்று நினைத்தார்கள்; உண்மையில் பத்தில் ஒருவர் அளவுதான்.

எதிர்க்கட்சியைப் பற்றி மட்டுமல்ல, சொந்தக் கட்சியைப் பற்றியும் தப்பாகத்தான் சொன்னார்கள். அரசியல் செய்திகளை அதிகம் பார்க்கிறவர்கள் இன்னும் அதிகமாகத் தப்பு செய்தார்கள்.

அந்த ‘47 சதவீதம்’ விவகாரம் என்ன?

2012 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி, மே மாதம் ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் ஒரு நன்கொடை விருந்தில் பேசினார். இலைக்கு 50,000 டாலர். நாட்டில் 47 சதவீதம் பேர் என்ன ஆனாலும் ஒபாமாவுக்குத்தான் போடுவார்கள். அவர்கள் அரசாங்கத்தை நம்பி வாழ்கிறவர்கள், வருமான வரி கட்டாதவர்கள், தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்று அவர்களை என்னால் நம்ப வைக்க முடியாது என்ற பொருளில் பேசினார். அதைக் கேமராவில் பிடித்தது அங்கே பானம் ஊற்றிக்கொண்டிருந்த பார் ஊழியர். செப்டம்பரில் மதர் ஜோன்ஸ் பத்திரிகை வெளியிட்டது.

எண் தப்பில்லை. 2011-ல் ஏறத்தாழ 46 சதவீதக் குடும்பங்கள் மத்திய வருமான வரி கட்டவில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறவர்கள். சம்பளச் சீட்டிலேயே சோஷியல் செக்யூரிட்டிக்கும் (அரசு ஓய்வூதியம்) மெடிகேருக்கும் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி பிடிபடுகிறவர்கள். மிச்சத்தில் பெரும்பகுதி வயதானவர்கள். வயதானவர்களோ அந்தத் தேர்தலில் ராம்னி பக்கம் சாய்ந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. உழைக்கும் ஏழைகளுக்கு வருமான வரியே வராமல் செய்ததில் குடியரசுக் கட்சிக்குப் பெரும் பங்கு. சம்பளம் குறைந்தவர்களுக்கான வரிச் சலுகை 1975-ல் ஃபோர்டு காலத்தில் வந்தது. ரீகன் 1986-ல் அதைப் பெரிதாக்கினார், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். அப்போது ‘உழைப்புக்கு ஊக்கம்’ என்று பெயர் பெற்றது, 2012 விருந்தில் ‘பொறுப்பற்றவர்கள்’ கணக்கில் சேர்ந்துவிட்டது. பணம் அதேதான்.

தேர்தலில் ராம்னி வாங்கிய வாக்கு? 47.2 சதவீதம். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்களா?

இல்லையே. ஒபாமா 2008 ஏப்ரலில், வேலை போன சிறு நகரத்து ஆட்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். ஹிலாரி கிளின்டன் 2016 செப்டம்பரில் டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேர் இழிவானவர்கள் என்று ஒரு கூடையில் அள்ளிப் போட்டார். இரண்டும் நன்கொடை விருந்துகளில் பேசியவை: ஒன்று சான்ஃபிரான்சிஸ்கோ, ஒன்று நியூயார்க். காசு கொடுக்கிறவர்கள் முன்னால்தான் இவர்களுக்கு உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

சரி, அரசாங்க உதவியை உண்மையில் வாங்குகிறவர்கள் யார்?

ஏறக்குறைய எல்லோரும். 2012 டிசம்பரில் பியூ மையம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மெடிகெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு), ஃபுட் ஸ்டாம்ப் (உணவு வாங்க மட்டும் தரும் உதவி), வேலையிழந்தோர் உதவி, வெல்ஃபேர் ஆகிய ஆறில் எதையாவது வாங்கியதுண்டா என்று கேட்டது. ஜனநாயகக் கட்சியினரில் 60 சதவீதம், குடியரசுக் கட்சியினரில் 52 சதவீதம் ‘ஆம்’. ஃபுட் ஸ்டாம்ப் மட்டும் எடுத்தால் 22-க்கு 10. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இது உழைப்பாளிக்கும் சோம்பேறிக்கும் இடையே ஓடும் கோடு இல்லை.

வேடிக்கை எங்கே என்றால், வாங்குகிறவர்களுக்கே வாங்குவது தெரியவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சுசான் மெட்லர் 2008-ல் நடத்திய ஆய்வில் ‘அரசுத் திட்டம் எதையாவது பயன்படுத்தியதுண்டா?’ என்று பொதுவாகக் கேட்டபோது 57 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். அப்புறம் 21 திட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார்கள். ‘இல்லை’ என்றவர்களில் 94 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றையாவது பயன்படுத்தியிருந்தார்கள். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிவிலக்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை உதவிக் கணக்கிலேயே வைக்கவில்லை. சோஷியல் செக்யூரிட்டி வாங்குகிறவர்களில்கூட 44 சதவீதம் பேர் அப்படித்தான்.

2009-ல் கிரெய்க் டி. நெல்சன் என்ற நடிகர் தொலைக்காட்சியில் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார்: நான் ஃபுட் ஸ்டாம்ப்பில் இருந்திருக்கிறேன், வெல்ஃபேரில் இருந்திருக்கிறேன், எனக்கு யாராவது உதவினார்களா, இல்லையே! அதே ஆண்டு தென் கரோலினாவில் ஒரு பொதுக்கூட்டத்தில், என் மெடிகேர்மேல் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று ஒருவர் எழுந்து சொன்னார். மெடிகேர் அரசாங்கம் நடத்துவதுதான் என்று கூட்டத்தை நடத்திய குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் விளக்கியும் அவர் ஏற்கவில்லை. சிரிக்கலாம். ஆனால் முப்பது நாற்பது வருடம் சம்பளத்தில் பிடித்த பணம் அது. ‘என்னுடையது’ என்று அவர் நினைத்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது.

‘வெல்ஃபேர்’ என்றால் சரியாக என்ன? நோகாமல் வரும் பணம்தானே?

அமெரிக்கர் வெல்ஃபேர் என்று சொல்லும்போது மனத்தில் இருப்பது ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாகக் கொடுத்த பழைய திட்டம். 1996 ஆகஸ்டில் பில் கிளின்டன் கையெழுத்துப் போட்டு அதை மாற்றிவிட்டார். இப்போது இருப்பதில் மத்திய அரசின் பணம் வாழ்நாளில் ஐந்து வருடம்தான், வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. 1996-ல் நூறு ஏழைக் குடும்பங்களில் 68 குடும்பங்களுக்கு ரொக்கம் போய்ச் சேர்ந்தது. 2020-ல் 21 குடும்பங்களுக்கு. அதாவது ஜனங்கள் திட்டிக்கொண்டிருக்கும் அந்த வெல்ஃபேர் பெரும்பாலும் காலாவதியான சரக்கு.

இன்று அதிகம் கண்ணில் படுவது ஃபுட் ஸ்டாம்ப். 2008-லிருந்து அதன் பெயர் ஸ்நாப். சுமார் 4 கோடி பேர் வாங்குகிறார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6 டாலர். வாங்குகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் குழந்தைகள். பிள்ளை இல்லாத, உடல்நலமுள்ள பெரியவர் வாரம் 20 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்டாவிட்டால் மூன்று வருடத்தில் மூன்று மாதம்தான் கிடைக்கும். இது 1996-லிருந்தே உள்ள விதி. முன்பு 49 வயது வரை இருந்த வரம்பை 2023-ல் 54 ஆக்கி, 2025 சட்டத்தில் 64 ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் ஊர் மளிகைக் கடையில் ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு பாட்டி, கூட ஒரு பேரன். பால், ரொட்டி, முட்டை, சூடாகப் பொரித்த கோழிப் பெட்டி, ஒரு பார் சோப்பு. ஸ்நாப் அட்டையைத் தேய்த்ததும் கோழியும் சோப்பும் தனியே நின்றன. சூடான உணவுக்கு அந்த அட்டை செல்லாது. அதே கோழி ஆறிக் குளிர்ப்பெட்டியில் இருந்தால் செல்லும். சோப்பு உணவே இல்லை. பாட்டி பர்ஸில் சில்லறையைத் தேடினார், சோப்புக்கு மட்டும் கொடுத்தார், கோழியைத் திருப்பி வைத்தார். எனக்குப் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். தாமதமானதற்கா, வேறெதற்கா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெயருக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு இன்னொரு சாட்சி. பொதுச் சமூகக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகளாகப் பாதிப் பேரிடம் ‘வெல்ஃபேருக்கு’ அரசு செலவிடுவது போதுமா என்றும், மீதிப் பேரிடம் ‘ஏழைகளுக்கு உதவ’ செலவிடுவது போதுமா என்றும் கேட்கிறார்கள். ஏழைகளுக்கு உதவ இன்னும் செலவிட வேண்டும் என்று பெரும்பான்மை சொல்கிறது. வெல்ஃபேர் என்றதும் அந்தப் பெரும்பான்மை காணாமல் போகிறது.

இதில் நிறவெறி எவ்வளவு?

நிறையவே. 1976 பிரசாரத்தில் ரீகன் ஊர் ஊராகச் சிகாகோவின் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்: 80 பெயர், 30 முகவரி, வரியில்லாமல் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர். பத்திரிகைகள் வைத்த பெயர் ‘வெல்ஃபேர் ராணி’. ஆள் உண்மை, மோசடியும் உண்மை. ஆனால் வழக்குப் போட்டது ஏறத்தாழ 8,000 டாலருக்குத்தான். அந்த ஒரே ஆளின் நிழல் லட்சக்கணக்கான கறுப்பினத் தாய்மார்கள்மேல் விழுந்தது.

ஆய்வாளர் மார்ட்டின் கிலன்ஸ் 1988 முதல் 1992 வரை மூன்று பெரிய செய்தி வார இதழ்களில் வந்த ஏழைகளின் படங்களை எண்ணிப் பார்த்தார். படத்தில் இருந்தவர்களில் 62 சதவீதம் கறுப்பினத்தவர். நாட்டின் ஏழைகளில் அவர்கள் அப்போது 29 சதவீதம். இன்றும் ஸ்நாப் வாங்குகிறவர்களில் மிகப் பெரிய பிரிவு வெள்ளையர்கள்தான்.

அப்படியானால் உதவி அதிகம் வாங்கும் ஏழை வெள்ளை மாவட்டங்கள் ஏன் குடியரசுக் கட்சிக்குப் போடுகின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொதுவாக வரும் பதில் ‘தங்கள் நலனுக்கு எதிராகவே வாக்களிக்கிறார்கள், பாவம்’ என்பது. அதுவும் ஒரு முத்திரைதான். தன் வரியை உயர்த்தும் கட்சிக்குப் போடும் கலிஃபோர்னியாக் கோடீஸ்வரரைப் பற்றி யாரும் அப்படிப் பரிதாபப்படுவதில்லை. அவருக்குக் கொள்கை, இவருக்கு அறியாமை என்று வைத்துக்கொள்கிறார்கள்.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே அப்பலாச்சிய மலையில் ஔஸ்லி கவுண்டி என்று ஒன்று. மக்கள் தொகை நாலாயிரத்துச் சொச்சம், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர், நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டிகளில் ஒன்று. 2012-ல் ராம்னிக்கு ஐந்தில் நான்கு வாக்கு. 2015 ஆளுநர் தேர்தலில், ஏழைகளுக்கு விரிவாக்கிய மெடிகெய்டைச் சுருக்குவேன் என்று சொன்ன குடியரசுக் கட்சியின் மேட் பெவினுக்குப் பத்தில் ஏழு.

அந்தச் சமயத்தில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரை, இதில் எல்லோரும் விட்டுவிட்ட விஷயத்தைப் பிடித்தது. உதவியை நம்பி வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கவே போவதில்லை. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்கப் பதிவானதே 30 சதவீதம் சொச்சம். போட்டவர்கள் அவர்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்கள்: பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், தங்கும் விடுதி எழுத்தர், நெடுஞ்சாலை ஊழியர். சம்பளம் குறைவு, உதவி வாங்கும் அளவுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டிலேயே இருக்கிறார், மாதா மாதம் காசோலை வருகிறது. அந்த மலைப்பக்கம் இதற்கு ‘வாங்குகிறான்’ என்றுதான் பேச்சு; எதை என்று சொல்ல வேண்டியதில்லை. இவர் கோபம் தொலைக்காட்சியில் பார்த்த சிகாகோப் பெண்மேல் மட்டுமில்லை. கூடப் படித்தவன்மேல், சில வீடுகளில் சொந்தத் தம்பிமேல்.

அதனால் அங்கே நடப்பது இனமும் இல்லை, அறியாமையும் இல்லை என்று மொத்தமாகத் தள்ளிவிட மாட்டேன். இரண்டும் உண்டு. ஆனால் அரைப் படி உயரத்தில் நிற்பவருக்குக் கீழ்ப்படிதான் கண்ணை உறுத்தும். இதை எந்தத் தெருவில் இருந்தவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சிவப்பு (குடியரசுக் கட்சி) மாநிலங்கள் நீல (ஜனநாயகக் கட்சி) மாநிலங்களின் வரியில் பிழைக்கின்றன என்கிறார்களே?

மாநிலக் கணக்காகப் பார்த்தால் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி மத்திய அரசுக்குக் கட்டுவதைவிட வாங்குவது அதிகம். நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்றவை கட்டுவது அதிகம். ஆனால் மாநிலம் வேறு, வாக்காளர் வேறு. மிசிசிப்பியில் உதவி பெறும் கறுப்பின ஏழை ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறவர். அந்த மாநிலம் சிவப்பாக இருப்பது அவரால் அல்ல. அதே மிசிசிப்பியில், ஏழைகளுக்கான பணத்தில் 7 கோடி டாலருக்கு மேல் தவறாகச் செலவானதை மாநிலத் தணிக்கையாளரே வெளிக்கொண்டு வந்தார். ஒரு பல்கலைக்கழகக் கைப்பந்து மைதானத்துக்குக்கூட அதிலிருந்து பணம் போயிருந்தது.

படித்தவர்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சியா?

இப்போது சாய்வு அப்படி. 2024-ல் பட்டதாரிகளில் பாதிக்குச் சற்று மேல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு, பட்டமில்லாதவர்களில் பாதிக்குச் சற்று மேல் டிரம்புக்கு. ‘சற்று மேல்’ என்பதைக் கவனியுங்கள்: இரண்டு பக்கத்திலும் பத்தில் நாலு பேர் எதிர்த்திசையில் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இது தலைகீழ். பட்டதாரிகள் குடியரசுக் கட்சிப் பக்கமும், ஆலைத் தொழிலாளர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும் இருந்தார்கள்.

கல்லூரி நாட்டுக்கு நல்லது செய்கிறதா என்ற கேள்விக்கு 2015-ல் 54 சதவீதக் குடியரசுக் கட்சியினர் ‘ஆம்’ என்றார்கள். இரண்டே வருடத்தில் 58 சதவீதம் பேர் ‘கெடுதல்தான் செய்கிறது’ என்றார்கள். இரண்டு வருடத்தில் கல்லூரிகள் அவ்வளவு மாறவில்லை. கல்லூரி யாருடையது என்ற எண்ணம் மாறிவிட்டது.

தலைவர்கள் இதில் செய்யும் நடிப்பு தனி. எல்லோரும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்ற ஒபாமாவை 2012-ல் ‘மேட்டிமைக்காரர்’ என்ற குடியரசுக் கட்சியின் ரிக் சான்டோரமிடம் இருந்தது மூன்று பட்டம். பல்கலைக்கழகங்கள்தான் எதிரி என்று 2021-ல் பேசிய அதே கட்சியின் ஜே. டி. வான்ஸ் யேல் சட்டப் பட்டதாரி. பட்டம் இல்லாத கடைசி அதிபர் ட்ரூமன். அவர் ஜனநாயகக் கட்சி.

மாணவர் கடன் தள்ளுபடி ஏன் அவ்வளவு ஆத்திரத்தைக் கிளப்பியது?

2022-ல் பைடன் ஆளுக்கு 10,000 டாலர், ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு 20,000 வரை தள்ளுபடி என்றார். ஏழு வருடம் உதவாத படிப்பில் வீணடித்த சோம்பேறிக் காபிக் கடைப் பையன் என்று குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் ஒரு சித்திரம் வரைந்தார். பதிலுக்கு வெள்ளை மாளிகை, கொரோனா காலத் தொழில் கடன் தள்ளுபடியான குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் பெயரையும் தொகையையும் ட்விட்டரில் போட்டது. மார்ஜரி டெய்லர் கிரீனுக்கு 1,83,504 டாலர். அந்தக் கடன் சம்பளம் கொடுத்து ஆட்களை வேலையில் வைத்திருக்கத்தான், தள்ளுபடி முதலிலேயே சொன்னது என்பது அவர்கள் வாதம். அதுவும் சரிதான். ஆனால் வெல்டிங் கற்றுக்கொண்டு முதல் நாளிலிருந்து சம்பாதித்தவரின் கேள்விக்கு ட்விட்டர் பதில் ஆகாது: அவன் கடனை நான் ஏன் அடைக்க வேண்டும்? 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்துவிட்டது.

மேஜையில் உட்கார்ந்து பார்ப்பது வேலை இல்லையா?

அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு: வேலைக்கு முன் குளிக்கிறவர்கள், வேலைக்குப் பின் குளிக்கிறவர்கள். முதல் வகை மேஜைக்காரர், இரண்டாவது வகை கைகால் அழுக்காகும் உழைப்பாளி. (காலையில் குளிக்காமல் வாசல் தாண்டாத நம்மவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருவோம் என்று தெரியவில்லை.) விஸ்கான்சின் கிராமப்புறங்களில் அரசு ஊழியர்மேல், ஆசிரியர்மேல் இருந்த கசப்பு இதுதான்: அவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு, காப்பீடு உண்டு, என் வரியில். 2011-ல் அங்கே குடியரசுக் கட்சி ஆளுநராக இருந்த ஸ்காட் வாக்கர் பெரும்பாலான அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை வெட்டியபோது இந்தக் கசப்புதான் அவருக்கு முட்டுக்கொடுத்தது.

நம்மவர்கள் இதில் எங்கே நிற்கிறோம்?

‘படிப்பாளி, உழைப்பாளி’ என்ற நல்ல முத்திரைக்குள். அதுவும் எப்போது வேண்டுமானாலும் கிழியும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, குடியரசுக் கட்சிக்காரர் விவேக் ராமசாமி 2024 டிசம்பரில், அமெரிக்கக் கலாச்சாரம் கணித ஒலிம்பியாட் பிள்ளையைவிட அழகு ராணியைக் கொண்டாடுகிறது, அதனால்தான் நிறுவனங்கள் வெளியே ஆள் தேடுகின்றன என்று எழுதினார். வழக்கமாக எதிர்க்கட்சியைச் சோம்பேறி என்று சொல்லும் அதே ஆட்கள் இவர்மேல் பாய்ந்தார்கள். மற்றவனைச் சொல்லும்வரை அது உண்மை, நம் வீட்டுப் பிள்ளையைச் சொன்னால் அவமானம்.

நன்றாகப் படித்தால் இந்த முத்திரைகள் விலகுமா?

விலகும் என்றுதான் நானும் நினைத்தேன். ‘மோர் இன் காமன்’ அமைப்பின் 2019 ஆய்வில், குடியரசுக் கட்சியினர் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பட்டமேற்படிப்பு படித்த ஜனநாயகக் கட்சியினரைவிட உயர்நிலைப் பள்ளி முடிக்காத ஜனநாயகக் கட்சியினர் மூன்று மடங்கு சரியாகக் கணித்தார்கள். படித்தவரின் நண்பர்கள் எல்லாம் படித்தவர்கள். எதிர்க்கட்சிக்காரரை அவர் கைபேசியில்தான் சந்திக்கிறார்.

வாக்குச் சீட்டில் கட்சிப் பெயரே இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்?

அதைப் பார்க்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது. 2020-ல் ஃபுளோரிடா டிரம்பை ஜெயிக்க வைத்தது. அதே சீட்டில் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கும் திருத்தத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. சிவப்பு மாநிலங்களான ஐடஹோ, நெப்ராஸ்கா, ஒக்லஹோமா, மிசௌரி எல்லாம் மெடிகெய்ட் விரிவாக்கத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றின. 2024 நவம்பரில் மிசௌரியில் டிரம்புக்கு 58 சதவீதம் சொச்சம். சம்பளத்தோடு நோய் விடுப்பும் 15 டாலர் கூலியும் கேட்ட முன்மொழிவுக்கு ஏறத்தாழ அதே அளவு.

அடுத்த ஆண்டே குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையுள்ள மாநிலச் சட்டமன்றம் அந்த நோய் விடுப்பை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட் 28-ல் அது முடிவுக்கு வந்தது. மே மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.